எலியில் ஆறிய நுரையீரல் அப்பாவுக்கும் ஆறுமா?

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 63 வயது. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக வறட்டு இருமல். இப்போது மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்குகிறார். சி.டி. ஸ்கேன் பார்த்த மருத்துவர் ‘ஐ.பி.எஃப்.’ (காரணம் தெரியாமல் நுரையீரலில் தழும்பு பரவும் நோய்) என்று எழுதி, நின்டெடானிப் 150 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். நான்கு மாதம் சாப்பிட்டதில் ஓயாத வயிற்றுப்போக்கு; ஐந்து கிலோ எடை இறங்கிவிட்டது. மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மருத்துவரிடம் சொல்லவில்லை, திட்டுவார் என்று பயம்.

இதற்கிடையில் அண்ணன் இணையத்தில் தேடி, மஞ்சளின் குர்குமின், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, வெங்காயத்தில் உள்ள குவெர்செடின் போன்ற தாவரச் சேர்மங்கள் நுரையீரல் பாதிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்து வந்திருக்கிறார். மிளகுச் சத்து கலந்த குர்குமின் காப்ஸ்யூலை வரவழைத்துத் தினம் இரண்டு கொடுக்கிறார்கள். அம்மா ஒரு வேளை ஆடாதோடைக் கஷாயமும் ஒரு வேளை கபசுரக் குடிநீரும் வைத்துத் தருகிறார். மாலையில் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. “இயற்கையானதுதானே, கெடுதல் ஒன்றும் இல்லையே? இதையே தொடரலாமா, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?” என்பது கேள்வி. கடைசிப் பத்தியில் ஒரு வரி: “மாடியில் புறாக்களோடு இருக்கும்போது மட்டும்தான் அப்பா முகத்தில் தெளிவைப் பார்க்கிறேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

வயிற்றுப்போக்கால் துவண்டுபோன ஒருவருக்கு மாத்திரையை நீட்ட மனம் வராதது இயல்பு. அண்ணன் கட்டுரைகளைத் தேடிப் படித்ததிலும் தவறில்லை. ஆனால் இன்று உங்கள் அப்பா, நோயின் வேகத்தைக் குறைப்பதாக மனிதர்களிடம் காட்டப்பட்ட மருந்து இல்லாமல் இருக்கிறார். கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடிய சில பொருட்களைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் விளக்கத்துக்கு முன் செயலைச் சொல்லிவிடுகிறேன். காப்ஸ்யூலையும் கஷாயங்களையும் இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே அதே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்து, அவர் சொன்ன பிறகு, அவர் சொல்லும் அளவில் நின்டெடானிப்பைத் தொடங்குங்கள். நீங்களாகவே பழைய அளவில் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

அண்ணன் படித்த கட்டுரைகள் பொய்யில்லை

அவை உண்மையான ஆய்வுகள்தான். ஆனால் யாருடைய நுரையீரலில், எப்போது, எப்படிப்பட்ட பாதிப்பில் செய்தவை என்று பார்க்க வேண்டும். இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி இரண்டு வகை எலிச் சோதனைகள்.

ஒன்றில், பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் நச்சை எலியின் மூச்சுக்குழாயில் விடுவார்கள். சில மணி நேரத்தில் நுரையீரல் அழன்று நீர் கோக்கும். தாவரச் சேர்மத்தைப் பெரும்பாலும் நச்சு கொடுப்பதற்கு முன்பே கொடுத்திருப்பார்கள். மறுநாள் பார்த்தால் அழற்சி குறைவாக இருக்கும். இது திடீர் நுரையீரல் பாதிப்புக்கான மாதிரி. மனிதரில் இதற்கு இணையானது, கடும் நிமோனியா போன்றவற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கும் ஏ.ஆர்.டி.எஸ். என்ற திடீர் மூச்சுச் செயலிழப்பு. அங்கேயும் இதுவரை உயிர் காத்தவற்றில் முக்கியமானவை எளிய மாற்றங்கள். வென்டிலேட்டர் தள்ளும் காற்றை ஒரு கிலோ எடைக்கு 6 மி.லி. என்று குறைத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது, இது 2000இல். மோசமான நிலையில் இருப்பவர்களைத் தினமும் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமானது, இது 2013இல். எலியில் அழற்சியைக் குறைத்த எந்தத் தாவரச் சேர்மமும் இந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இரண்டாவது வகை உங்கள் அப்பாவின் நோய்க்குக் கொஞ்சம் நெருக்கமானது. பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை எலியின் நுரையீரலுக்குள் ஒருமுறை விட்டால், முதல் வாரம் அழற்சி, இரண்டு மூன்று வாரத்தில் தழும்பு. இங்கேயும் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்மத்தைத் தழும்பு உருவாகும் முன்பே கொடுத்திருக்கிறார்கள். தடுத்தது என்றால் அழற்சியைத் தடுத்ததா, தழும்பையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு: அந்த எலிகளில் பலவற்றுக்கு ஒன்றும் கொடுக்காமலே சில வாரங்களில் தழும்பு தானாகக் கரையும். மனிதருக்கு ஐ.பி.எஃப்.பில் தழும்பு கரைவதில்லை. தீக்காயம் ஆறிய தோல் இறுகிக்கிடப்பதுபோல நுரையீரல் இறுகிவிடுகிறது. அந்த இறுக்கம் மெல்லப் பரவுகிறது. உங்கள் அப்பா மருத்துவரிடம் வந்தபோது தழும்பு ஏற்கனவே இருந்தது. முன்கூட்டியே மருந்து கொடுத்த எலியோடு அவரை ஒப்பிட வழியில்லை.

“அழற்சியைத் தணித்தால் தழும்பு நின்றுவிடும்” என்பது அண்ணன் மட்டும் நினைப்பதில்லை. மருத்துவ உலகமே பல வருடம் அப்படி நம்பியது. ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோப்ரின், அசிடைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் முறையாகச் சோதித்தபோது, அந்த மூன்றையும் எடுத்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவர். 2011இல் அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேட்க நியாயமாக இருக்கும் ஒரு சிகிச்சை ஆளைக் கொல்லவும் கூடும் என்பதை நுரையீரல் மருத்துவர்கள் இந்த நோயில்தான் நேரடியாகப் பார்த்தோம்.

தாவரச் சேர்மம் ஒன்று மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட கதையும் இருக்கிறது. அதன் மூலம் நம் ஊரில் விளைகிறது. செங்காந்தள், அதாவது கண்வலிக் கிழங்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் கோல்சிசின் அழற்சியைத் தணிக்கும் நல்ல மருந்து; ‘கவுட்’ என்ற மூட்டு வாதத்துக்கு இன்றும் தருகிறோம். கோவிட் நுரையீரல் பாதிப்புக்கும் உதவும் என்று எதிர்பார்த்து, பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வில் மருத்துவமனையில் சேர்ந்த 11,340 பேரிடம் சோதித்தார்கள். கோல்சிசின் எடுத்தவர்களில் 21 சதவீதம் இறந்தார்கள்; எடுக்காதவர்களிலும் 21 சதவீதம். பெட்ரி டிஷ்ஷில், எலியில், சிறு ஆய்வுகளில் நம்பிக்கை தந்த மருந்துதான் அது.

ஊமத்தை, ஆடாதோடை என்ற இரண்டு வழிகள்

இதனால் தாவரங்களில் ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் தினமும் எழுதித் தரும் மருந்துகளின் வேர் செடிகளில்தான் இருக்கிறது. 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பரவி, நூறு வருடத்துக்கும் மேலாக ஊமத்தைச் சுருட்டு விற்றார்கள். மூச்சுக்குழாய் விரிந்தது உண்மை. மனக்குழப்பம், படபடப்பு வந்ததும் உண்மை. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூளைக்குள் புகாதபடி அதன் மூலக்கூறை மாற்றியமைத்து, மூச்சில் இழுக்கும் மருந்தாக்கியதுதான் இப்ராட்ரோபியம், பிறகு டயோட்ரோபியம். இன்று சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயாளியின் கையில் இருக்கும் இன்ஹேலரில் அந்தச் செடியின் வாரிசு இருக்கிறது. ஆனால் ஊமத்தையை யாரும் இப்போது புகைப்பதில்லை, புகைக்கவும் கூடாது.

ஆடாதோடையும் அப்படித்தான். அதன் வாசிசினை மாதிரியாக வைத்து புரோம்ஹெக்சின் வந்தது, அதிலிருந்து ஆம்ப்ராக்சால். மருந்துக்கடையில் சளிக்கு வாங்கும் சிரப்புகள் பலவற்றில் இவை இருக்கின்றன. எனவே சளி இளக ஆடாதோடை உதவும் என்ற அம்மாவின் அறிவைக் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் அப்பாவுக்கு இருப்பது சளி இல்லாத வறட்டு இருமல். இளக்க அங்கே சளியே இல்லை. தழும்பின் மேல் அதற்கு வேலையும் இல்லை.

மாத்திரையோடு சேரும்போது

குழம்பில் போடும் மஞ்சளையும் மிளகையும் நான் சொல்லவில்லை. சாப்பாட்டில் வழக்கம்போல இருக்கட்டும். காப்ஸ்யூல் வேறு விஷயம். குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். உறிஞ்சியதையும் உடல் வேகமாக வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின், அதாவது மிளகின் சத்து, சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. காப்ஸ்யூலில் மிளகு வருவது இதனால்தான்.

பைப்பரின் இதைச் சாதிப்பது, வெளிப்பொருட்களை உடல் வெளியேற்றும் வழிகளை அடைத்து. அதே வழிகள்தான் பல மருந்துகளையும் வெளியேற்றுகின்றன. நின்டெடானிப்பைக் குடலிலிருந்து திருப்பித் தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற வாயில்காப்பான் அவற்றில் ஒன்று. அதை அடைக்கும் கீட்டோகோனசோல் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் நின்டெடானிப் சுமார் 60 சதவீதம் கூடியது. பைப்பரினும் அதே வாயிலை அடைக்கக்கூடியது. அளவு கூடினால் முதலில் கூடுவது வயிற்றுப்போக்கு. “இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா” என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம்.

கல்லீரலும் இருக்கிறது. நின்டெடானிப்பே கல்லீரல் என்சைம்களை உயர்த்தும். அதனால்தான் முதல் மாதங்களில் மாதாமாதம் ரத்தம் பார்க்கச் சொல்கிறோம். மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரம் 2022இல் அமெரிக்காவில் வெளியானது. 5 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். கபசுரக் குடிநீரில் உள்ள 15 சரக்குகளில் திப்பிலி இருக்கிறது. அதிலும் பைப்பரின் உண்டு. சீந்திலும் இருக்கிறது. சீந்திலை நாள்கணக்கில் எடுத்துக் கல்லீரல் கெட்ட 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, செடி மாறியிருக்கலாம் என்றது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், மாதக்கணக்கில் தினமும் குடிப்பதற்கு இது ஏற்றதில்லை. இப்போது அப்பாவின் கல்லீரல் என்சைம் கூடியிருந்தால், மாத்திரையாலா, காப்ஸ்யூலாலா, கஷாயத்தாலா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

காப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உணவுத் துணைப் பொருளாக விற்பனையாகும் எதிலும் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வீடியோவில் நுரையீரலைக் குணமாக்கும் என்று பேசுகிறவர்களின் டப்பாவிலும் அந்த வரி இருக்கும்.

சாம்பிராணிப் புகையை இன்றோடு விட்டுவிடுங்கள். எந்தப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஆகாது.

வயிற்றுப்போக்குக்கு வழி இருக்கிறது

நின்டெடானிப் எடுப்பவர்களில் 10 பேரில் 6 பேருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. இது எதிர்பார்க்கும் பக்கவிளைவு. சமாளிக்க முறைகள் உண்டு. மாத்திரையை வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டுக்கு நடுவில் விழுங்கச் சொல்லுங்கள். முதல் நாளே உப்புச் சர்க்கரைக் கரைசல். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு, மருத்துவர் சொல்லும் அளவில். நிற்கவில்லை என்றால் சில நாள் இடைவெளி விட்டு, 150 மி.கி.யை 100 மி.கி.யாகக் குறைத்துத் தொடங்கலாம். அதுவும் ஒத்துவராவிட்டால் பிர்ஃபெனிடோன் என்ற வேறு மருந்து இருக்கிறது. அதில் குமட்டலும் வெயில் பட்டால் தோல் சிவப்பதும் உண்டு. மருந்தே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவதற்கு முன் இத்தனை படிகள் இருக்கின்றன. நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் இரண்டையும் நம் நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த மருந்திடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான ஆய்வில், போலி மாத்திரை எடுத்தவர்களின் ஊதும் கொள்ளளவு, அதாவது ஆழமாக மூச்சிழுத்து ஒரே மூச்சில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, ஒரு வருடத்தில் சுமார் 240 மி.லி. குறைந்தது; நின்டெடானிப் எடுத்தவர்களுக்குச் சுமார் 115 மி.லி. இருக்கும் தழும்பு மறையாது. பரவும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அப்பாவுக்குச் ‘சாப்பிட்டும் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை’ என்று தோன்றுவது இதனால்தான். முன்னேற்றம் தெரியாமல் அதே நிலையில் இருப்பதுதான் இங்கே பலன்.

புறாக்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய வரி அந்தக் கடைசி வரிதான். எத்தனை வருடமாக, எத்தனை புறா, கூண்டை யார் கழுவுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவர் கேட்டாரா என்றும் தெரியவில்லை.

புறாவின் எச்சத்திலும் இறகில் படியும் மெல்லிய தூளிலும் உள்ள புரதம் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். வருடக்கணக்கில் நீடித்தால் அதுவும் தழும்பாகிவிடும், ஸ்கேனில் ஐ.பி.எஃப். மாதிரியே தெரியவும் கூடும். இதை ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்போம். இந்தியாவில் 19 நகரங்களில், நுரையீரல் அழற்சி, தழும்பு வகை நோய்கள் புதிதாகக் கண்டறியப்பட்ட 1,084 பேரைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட பதிவேட்டில் 47.3 சதவீதம் பேருக்கு இருந்தது ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்தான், ஐ.பி.எஃப். 13.7 சதவீதம். ஏர் கூலரில் வளரும் பூஞ்சையும் அங்கே பெரிய காரணமாகத் தெரிந்தது. வீட்டில் கூலர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும். ஐ.பி.எஃப்.பில் கெடுதல் செய்த ஸ்டீராய்டு வகை மருந்துகள் இந்த நோயில் சிலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் இதற்கு முதல் சிகிச்சை, காரணத்தை விட்டு விலகுவது. நின்டெடானிப் வீணாகாது, தழும்பு பரவிக்கொண்டே போகும் மற்ற வகை நோய்களிலும் அது வேகத்தைக் குறைப்பதை 2019இல் வந்த ஆய்வு காட்டியது, அதில் இந்த நோயாளிகளும் இருந்தார்கள்.

மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: மூச்சை வெளியே விட்ட நிலையிலும் ஸ்கேன் படம் எடுக்கப்பட்டதா, புறாப் புரதத்துக்கு எதிரான ரத்தப் பரிசோதனை தேவையா, நுரையீரல் மருத்துவரும் ரேடியாலஜிஸ்ட்டும் சேர்ந்து படத்தை மறுபடி பார்க்க முடியுமா. பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் இப்படி இரண்டாவது கருத்து பெறலாம்.

முடிவு தெரியும் வரை அப்பா மாடிக் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. வேறொருவர் பராமரிக்கட்டும், அவர் அதே உடையோடு அப்பா அறைக்குள் வரக் கூடாது. காரணம் உறுதியானால் புறாக்களைப் புறா வளர்க்கும் நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு, இடத்தை ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தத் தூள் மாதக்கணக்கில் தங்கும். அவருக்கு இது பெரிய இழப்பு என்று தெரியும். அவசரமாகப் பறித்துக்கொண்டதாக அவர் நினைக்காதபடி, அவரையே முடிவெடுக்க வைத்துச் செய்யுங்கள்.

மருத்துவரிடம் சொல்வது

மாத்திரையை நிறுத்தியதையும், கொடுத்த காப்ஸ்யூல், கஷாயம் அனைத்தையும் சொல்லுங்கள். டப்பாக்களைக் கையோடு எடுத்துப்போங்கள். “வயிற்றுப்போக்கு தாங்க முடியாமல் நிறுத்தினோம்” என்று ஆரம்பித்தால் போதும். அவர் கோபப்பட்டால், இன்னொரு மருத்துவரைப் பார்ப்பது உங்கள் உரிமை. சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

சித்த மருத்துவமும் வேண்டும் என்று அம்மா விரும்பினால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் நின்டெடானிப் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். பற்பம், செந்தூரம் என்று பெயரில்லாப் பொட்டலத்தில் யார் தந்தாலும் வாங்க வேண்டாம். அண்ணனின் ஆர்வத்துக்கும் ஒரு வழி இருக்கிறது: இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பொதுவில் இருக்கின்றன. நுரையீரல் தழும்புக்கான புது மருந்துச் சோதனை எங்காவது நடந்தால், தாவரத்திலிருந்து வந்ததோ வராததோ, அப்பா சேரத் தகுதியுள்ளவரா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அங்கே ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் இருக்கும்.

ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பாருங்கள். மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வுப் பயிற்சி இந்த நோயில் உண்மையாகவே பலன் தரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரால் உட்கார்ந்திருக்கும்போதும், சில நிமிடம் நடந்த உடனும் அளந்து குறித்துவையுங்கள். 88க்குக் கீழே இறங்கினால் வீட்டில் ஆக்சிஜன் தேவையா என்று பேச வேண்டும்.

சில நாட்களுக்குள் மூச்சுத்திணறல் வேகமாகக் கூடினாலோ, காய்ச்சலோடு இருமல் மாறினாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, மலம் கறுத்துப் போனாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.